சீட் கிடைக்குமா சார்?

"சார், நீங்க பத்திரிகையில எழுதறவருதானே? நீங்க ஒரு லெட்டர் கொடுத்தா பையனுக்கு காலேஜ்ல சீட் கொடுத்துருவாங்களாமே!"

எங்கள் தெரு அயர்ன்காரர் என் நீலச் சட்டையைத் தேய்த்தபடியே இப்படிக் கேட்டபோது பெருமையாகவும் இருந்தது, பகீரென்றும் இருந்தது. என் லெட்டருக்கு இருக்கிற மரியாதை எனக்குத்தானே தெரியும்! 'இத்துடன் கட்டுரை இணைத்துள்ளேன்' என்று நான் எழுதும் லெட்டருக்கே பாதி நேரம் பதில் வருவதில்லை. இதில் பிரின்சிபாலுக்கு சிபாரிசுக் கடிதமா?

2025 மே 8-ஆம் தேதி பிளஸ் டூ ரிசல்ட் வந்து நாலைந்து நாள் ஆகியிருந்தது. மாநகராட்சிப் பள்ளியில் காமர்ஸ் குரூப் படித்த பையன் 600-க்கு 497 வாங்கியிருந்தான். அவர்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதிக்கப் போகும் முதல் ஆள். அப்பா ஐந்தாவதோடு சரி. அம்மா அதுவும் இல்லை.

"மார்க் நல்லாத்தானே இருக்கு, லெட்டர் எதுக்கு?" என்றேன்.

"மார்க் இருந்தா மட்டும் போதுமா சார்? காலேஜ்ல என்னென்னமோ பார்ப்பாங்களாமே..."

"அப்ளிகேஷன் போட்டாச்சா?"

"அதெல்லாம் பிரவுசிங் சென்டர்லயே போட்டாச்சு. ஐந்து காலேஜ்!"

"சாயங்காலம் பையனை அந்த பிரிண்ட் அவுட்டை எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. நான் பார்க்கணும்."

அவர் முகத்தில் லேசான ஏமாற்றம். லெட்டர் கேட்டால் பிரிண்ட் அவுட்டைக் கேட்கிறானே! ஆனால் நான் கேட்டதற்குக் காரணம் இருக்கிறது. இருபது வருடத்துக்கு முந்தைய காரணம்.

ஒரு மூன்றின் கதை

2005. அடியேன் 1,200-க்கு 1,024 வாங்கி, மாம்பலத்தில் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரிந்த நேரம். அப்போதெல்லாம் ஆன்லைன் கிடையாது. கல்லூரி கல்லூரியாகப் போய், வெயிலில் க்யூவில் நின்று, அப்ளிகேஷன் வாங்கி, பேனாவால் ஃபில்லப் பண்ண வேண்டும். பி.காம். கிடைத்தால் இந்தக் கல்லூரியில்தான் என்று மனசுக்குள் ஒரு கல்லூரியை வைத்திருந்தேன். பெயர் வேண்டாம். அவர்கள் மேல் தப்பே இல்லை.

எங்கள் வீடு மேற்கு மாம்பலம். பின்கோடு 600033. என் கையெழுத்தில் 3-க்கும் 8-க்கும் நூலிழைதான் வித்தியாசம். வாய் கொஞ்சம் மூடிக்கொண்டால் 8. அன்றைக்கு அந்த முதல் 3 வாயை மூடிக்கொண்டது. 600083 என்றால் அசோக் நகர். பக்கத்துப் பேட்டைதான். என் இன்டர்வியூ கார்டு அசோக் நகருக்குப் போய், அங்கே இல்லாத எங்கள் தெருவைத் தேடி, யாரோ புண்ணியவான் தபால்காரர் அடித்துத் திருத்தி, மாம்பலம் வந்து சேர்ந்தபோது இன்டர்வியூ முடிந்து நான்கு நாள் ஆகியிருந்தது.

அப்பா அரை நாள் லீவு போட்டுவிட்டு என்னோடு ஓடி வந்தார். கவுன்ட்டரில் இருந்தவர் ரெஜிஸ்டரைப் புரட்டி, "உங்க பையன் பேரு முதல் லிஸ்ட்லயே இருக்கு சார். வரலைன்னதும் அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டோம்" என்றார். நல்ல மனிதர், தண்ணீர்கூடக் கொடுத்தார். திரும்பும்போது பஸ்ஸில் அப்பா ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினார்.

"பன்னெண்டு வருஷம் படிச்சும் ஒரு மூணு எழுத வரலையேடா!"

அதற்குப் பிறகு வேறொரு கல்லூரியில் மாலை நேர பி.காம். படித்து, ஆடிட்டர் ஆபீஸில் வவுச்சர் அடுக்கி, கடைசியில் எழுத வந்தது தனிக் கதை. அதிலிருந்து யார் அப்ளிகேஷனைப் பார்த்தாலும் எனக்குக் கை பரபரக்கும். கல்யாணப் பத்திரிகையில்கூட முதலில் பின்கோடைத்தான் பார்க்கிறேன்.

கல்லூரி பார்ப்பது எதை?

சாயங்காலம் பையன் வந்தான். தலைமுடியைத் தண்ணீர் தொட்டு வாரியிருந்தான். என்னிடமே இன்டர்வியூ என்று நினைத்துவிட்டான் போலிருக்கிறது.

"அண்ணே, இங்கிலீஷ்ல 61-தாண்ணே. அதான் பயமா இருக்கு."

"பி.காம்.தானே கேட்டிருக்கே? அப்ப இங்கிலீஷ் மார்க்கை யாரும் பார்க்கப் போறதில்ல!"

நம்பாமல் பார்த்தான். இதுதான் பாதிப் பேருக்குத் தெரியாத சங்கதி. மொத்த மார்க்கைச் சொல்லி நாம் தெருவெல்லாம் லட்டு கொடுப்போம். கல்லூரிக்கு அந்த மொத்தம் தேவையில்லை. தமிழ்நாட்டு அரசு கலைக் கல்லூரிகளில் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் ஒதுக்கிவிட்டு, மீதி நான்கு பாடங்களை 400-க்குக் கூட்டித்தான் ரேங்க் போடுகிறார்கள். பி.ஏ. தமிழுக்குத் தமிழ் மார்க், பி.ஏ. ஆங்கிலத்துக்கு ஆங்கில மார்க். அதற்குத் தனித் தனி ரேங்க் லிஸ்ட்.

பையனுக்கு காமர்ஸ் 91, அக்கவுன்டன்சி 94, எகனாமிக்ஸ் 88, கம்ப்யூட்டர் அப்ளிகேஷன்ஸ் 85. கூட்டினால் 358. "இதுதான் உன் மார்க். 497-ஐ மறந்துடு" என்றேன். முகத்தில் முதல் முறையாகச் சிரிப்பு வந்தது.

இன்ஜினீயரிங்கில் கணக்கு வேறு. அங்கே 200-க்குக் கட் ஆஃப். கணக்குக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50. ஒரு காலத்தில் நுழைவுத் தேர்வு மார்க்கும் இதில் சேர்ந்தது. 2007-லிருந்து அது போயே போச்சு. ஒரே கட் ஆஃபில் பல பேர் நின்றால்? முதலில் கணக்கு மார்க், அப்புறம் இயற்பியல் என்று ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வருவார்கள். எல்லாமே சமம் என்றால் பிறந்த தேதி. வயதில் மூத்தவருக்கு முன்னுரிமை! (பின்னாளில் ரிட்டயர்மென்ட்டைத் தள்ளிப் போட பையனின் பிறந்த தேதியைத் தள்ளிப் போட்ட அப்பாக்கள் கவனிக்கவும்.) அதுவும் ஒன்றானால் கம்ப்யூட்டர் கொடுத்த ரேண்டம் எண். அதில் யாருக்குப் பெரிய எண்ணோ அவர் முன்னால். அந்த இடத்தில் பிள்ளையார்தான் துணை.

அமெரிக்காவில் இருக்கும் என் சிநேகிதன் இதைக் கேட்டால் சிரிப்பான். அவன் பெண் கல்லூரிக்கு அப்ளிகேஷன் போட்டபோது, தன்னைப் பற்றி 650 வார்த்தைக்குள் ஒரு கட்டுரை எழுதி அனுப்ப வேண்டியிருந்தது. டீச்சர்களின் சிபாரிசுக் கடிதம் வேறு. அங்கே 'நீ யார்?' என்று கேட்கிறார்கள். இங்கே 'நீ எவ்வளவு?' என்று கேட்கிறார்கள். இது மோசம் என்று தோன்றலாம். ஆனால் 650 வார்த்தையைத் திருத்திக் கொடுக்க வீட்டில் படித்த ஆள் வேண்டும். அயர்ன் வண்டிப் பக்கத்தில் உட்கார்ந்து படித்தவனுக்கு அது எங்கே கிடைக்கும்? 358 என்பது 358-தான். அதை யாரும் திருத்தவும் வேண்டாம், சிபாரிசு பண்ணவும் வேண்டாம்.

அந்த ஒரு கட்டம்

மார்க்குக்கு அடுத்தபடி கல்லூரி பார்ப்பது அப்ளிகேஷனில் 'கம்யூனிட்டி' என்று இருக்கும் கட்டத்தை. டீக்கடையில் இதைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். கணக்கு தெரிந்தவர்கள் குறைவு.

தமிழ்நாட்டில் 69 சதவிகிதம் இட ஒதுக்கீடு. பி.சி. 26.5, பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி. மற்றும் சீர்மரபினர் 20, எஸ்.சி. 18 (இதில் 3 அருந்ததியருக்கு), எஸ்.டி. 1. மீதி 31 பொதுப் பிரிவு. இந்த 31 'யாருக்கோ' ஒதுக்கினது என்று நினைக்கிறார்கள். இல்லை சார். மார்க் இருக்கிற எவரும் அதில் போகலாம். ஆனால் கம்யூனிட்டி சர்டிபிகேட்டை ஒழுங்காகக் காட்டாதவருக்கு அந்த 31 மட்டும்தான். மற்ற கதவு திறக்காது.

இந்தக் கட்டத்துக்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது. அன்றைய சென்னை மாகாணத்தில் கல்லூரி சீட்டுகளை 14, 14-ஆக எடுத்து, இந்தப் பிரிவுக்கு இத்தனை என்று பங்கிடும் 'கம்யூனல் ஜி.ஓ.' இருந்தது. அதை எதிர்த்து செண்பகம் துரைராஜன் என்ற பெண்மணி வழக்குப் போட்டார். 1951-ல் சுப்ரீம் கோர்ட் அந்த ஜி.ஓ. செல்லாது என்றது. தமிழ்நாடு கொந்தளித்தது. அதே வருடம் அரசியல் சட்டத்துக்கு வந்த முதல் திருத்தத்துக்கு இதுவும் ஒரு காரணம். வேடிக்கை என்னவென்றால், அந்த அம்மையார் மெடிக்கல் காலேஜுக்கு அப்ளிகேஷனே போடவில்லை! விசாரித்தபோது கிடைக்காது என்று தெரிந்ததால் நேரே கோர்ட்டுக்குப் போய்விட்டார். போடாத ஒரு அப்ளிகேஷன் அரசியல் சட்டத்தையே அசைத்திருக்கிறது என்றால், போடுகிற அப்ளிகேஷனை எவ்வளவு ஜாக்கிரதையாகப் போட வேண்டும்!

பையன் எம்.பி.சி. சர்டிபிகேட் இருந்தது. ஆனால் அப்பா பெயர்? ரேஷன் கார்டில் ஊரார் கூப்பிடும் செல்லப் பெயர், ஆதாரில் குலதெய்வத்தின் பெயர், பையனின் மார்க் ஷீட்டில் ஹெட்மாஸ்டர் அவராகவே திருத்தி வைத்த பெயர். ஒரே மனிதர், மூன்று அவதாரம்!

"நாளைக்கே இ-சேவை மையத்துக்குப் போ. மார்க் ஷீட்ல எப்படி இருக்கோ அப்படியே கம்யூனிட்டி சர்டிபிகேட்லயும் வரணும். தாலுகா ஆபீஸ் நாள் எடுத்துக்கும். கவுன்சலிங் அன்னைக்கு ஓடினா நடக்காது" என்றேன். தலையாட்டினான்.

கல்லூரி பார்க்கும் வேறு சில சமாசாரங்களும் உண்டு. விளையாட்டு, என்.சி.சி. 'ஏ' சர்டிபிகேட், மாற்றுத்திறனாளிகள், முன்னாள் ராணுவத்தினரின் பிள்ளைகள் என்று சிறப்புப் பிரிவு. அதற்கு முதலிலேயே தனிக் கவுன்சலிங். (தெரு கிரிக்கெட்டில் ஜெயித்த பிளாஸ்டிக் கோப்பையை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். மாவட்டம், மாநிலம் என்று போய் ஆடியதற்குச் சான்றிதழ் கேட்பார்கள்.) முதல் பட்டதாரிச் சான்றிதழ் இருந்தால் இன்ஜினீயரிங்கில் கல்விக் கட்டணச் சலுகை. ஆறாவது முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-ல் ஆரம்பித்தது. எங்கள் பையனுக்கு அதில் தகுதி உண்டு.

தனியார் கல்லூரி என்றால் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "இது எய்டட் சீட்டா, செல்ஃப் ஃபைனான்ஸா?" ஒரே கேட், ஒரே கேன்டீன், ஒரே டிகிரி. ஆனால் எய்டட் ஃபீஸும் செல்ஃப் ஃபைனான்ஸ் ஃபீஸும் அண்ணன் தம்பி மாதிரி இருக்காது. யானையும் ஆட்டுக்குட்டியும் மாதிரி இருக்கும். டொனேஷன் கேட்டால்? தமிழ்நாட்டில் 1992-லிருந்தே அதற்குத் தடைச் சட்டம் இருக்கிறது. ஒரிஜினல் சர்டிபிகேட்டை வாங்கி வைத்துக்கொண்டு தர மாட்டேன் என்று சொல்லவும் கூடாது. யு.ஜி.சி. 2018-லேயே சொல்லிவிட்டது.

இது யார் நம்பர்?

எல்லாம் சொல்லி முடித்துவிட்டு, பிரிண்ட் அவுட்டை ஒவ்வொரு வரியாகப் பார்த்தேன். பெயர் சரி. பிறந்த தேதி சரி. பின்கோடு ரொம்ப சரி. (இரண்டு தடவை பார்த்தேன்.) மொபைல் எண்ணைப் பார்த்ததும் நின்றேன். அயர்ன்காரர் நம்பர் எனக்கு மனப்பாடம். என் சட்டைகள் அவரிடம்தானே இருக்கின்றன!

"இது யார் நம்பர்?"

"பிரவுசிங் சென்டர் அண்ணன் நம்பர்ண்ணே. அப்பா போன்ல ரீசார்ஜ் முடிஞ்சிருந்துச்சு. ஓ.டி.பி. வரலை. அவரே அவர் நம்பரைப் போட்டுட்டாரு. இமெயிலும் அவருதுதான்."

எனக்கு வயிற்றைப் பிசைந்தது. 600083! இருபது வருடம் கழித்து, வேறு சட்டை போட்டுக்கொண்டு அதே எட்டு வந்து நிற்கிறது.

"டேய், காலேஜ்லேர்ந்து கூப்பிட்டா அந்த நம்பருக்குத்தான்டா மெசேஜ் வரும்!"

"வந்தா சொல்றேன்னு சொன்னாருண்ணே."

அந்த சென்டர்காரர் கெட்டவர் இல்லை. ஒரு நாளைக்கு நாற்பது பேருக்கு அப்ளிகேஷன் போடுகிறவர். அவர் போனில் நாற்பது பிள்ளைகளின் தலையெழுத்து வந்து விழுந்தால், யாருடையது எது என்று பாவம் அவருக்கு எப்படித் தெரியும்?

அன்றைக்கு நான் பையனுக்குச் சொன்னது இவ்வளவுதான்: "எந்த மெசேஜையும் நம்பாதே. ஐந்து காலேஜ் வெப்சைட்டையும் தினம் காலையில பார். ரெண்டு நாளைக்கு ஒரு தடவை பஸ் ஏறி நோட்டீஸ் போர்டையும் பார்த்துட்டு வா. உன் அப்ளிகேஷன் நம்பர் என்ன?"

கையில் பேனாவால் எழுதி வைத்திருந்தான். சொன்னான். "மனப்பாடம் பண்ணு" என்றேன்.

ஜூன் மாதம். ஒரு நாள் காலை ஏழு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். பையன் நின்றுகொண்டிருந்தான், மூச்சு வாங்க.

"அண்ணே, ரேங்க் லிஸ்ட் போட்டிருக்காங்கண்ணே. என் ரேங்குக்கு இன்னைக்குத்தான் கவுன்சலிங். ஒன்பதரை மணிக்கு வரச் சொல்லி இருக்கு."

"சென்டர்காரர் சொல்லலையா?"

"அவரு ஊர்த் திருவிழாவுக்குப் போயிட்டாருண்ணே. கடையும் பூட்டு, போனும் ஸ்விட்ச் ஆஃப்."

புது கம்யூனிட்டி சர்டிபிகேட் முந்தின வாரமே வந்துவிட்டது. டி.சி., மார்க் ஷீட், ஆதார், போட்டோ, ஒவ்வொன்றுக்கும் ஜெராக்ஸ். எல்லாம் ஒரு மஞ்சப் பையில் தயாராக இருந்தது. அயர்ன்காரர் வண்டியை அப்படியே விட்டுவிட்டு, மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையில் கிளம்பினார். (யாருடைய சட்டையோ, நான் கேட்கவில்லை.)

பதினொன்றரை மணிக்கு போன். பக்கத்தில் யாருடைய போனையோ வாங்கிப் பேசினான்.

"அண்ணே, நம்ம கேட்டகிரில பி.காம். ஜெனரல் முடிஞ்சிருச்சுண்ணே. பி.காம். கார்ப்பரேட் செக்ரட்டரிஷிப் இருக்குங்கறாங்க. எடுக்கட்டுமா? நாளைக்கு வேற காலேஜ்ல ஜெனரல் கிடைக்குமான்னு அப்பா கேக்கறாரு."

மேஜைக்கு அந்தப் பக்கம் ஒரு பேராசிரியர் காத்திருக்கிறார். பின்னால் க்யூ. முடிவெடுக்க அரை நிமிடம். இதுதான் சார் கல்லூரி நம்மிடம் பார்க்கிற கடைசி விஷயம். அந்த நிமிடத்தில் அங்கே ஆள் இருக்கிறானா, இல்லையா? 2005-ல் என் பெயரைக் கூப்பிட்டபோது அந்த நாற்காலி காலியாக இருந்தது.

"எடுடா! அதுவும் பி.காம்.தான். எடு!" என்று கத்தினேன். பக்கத்து வீட்டு நாய் குரைத்தது.

மத்தியானம் அப்பாவும் பிள்ளையும் நேராக என் வீட்டுக்கு வந்தார்கள். ஃபீஸ் கட்டின ரசீதை என் கையில் கொடுத்தார் அயர்ன்காரர். வாங்கிப் பார்த்தேன். பெயர், பாடப்பிரிவு, தேதி. எல்லாம் சரியாக இருந்தது. ஏனோ கொஞ்ச நேரம் அதைத் திருப்பிக் கொடுக்க மனசு வரவில்லை. எங்கள் அப்பா இருந்திருந்தால் காட்டியிருக்கலாம்.

அந்த மாதம் முழுவதும் அயர்ன்காரர் என்னிடம் காசு வாங்கவில்லை. எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. அதுகூடப் பரவாயில்லை. தெருவெல்லாம் என்ன சொல்லி வைத்திருக்கிறார் தெரியுமா?

"பத்திரிகைக்கார சார் ஒரு லெட்டர் கொடுத்தாரு. டக்குனு சீட் கொடுத்துட்டாங்க!"

இப்போது என் வீட்டு வாசலில் காய்கறிக்காரர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், எதிர் ஃப்ளாட் வாட்ச்மேன் என்று மூன்று பேர் லெட்டர் கேட்டு நிற்கிறார்கள். மூன்று பேரிடமும் ஒன்றே ஒன்றுதான் சொல்லியிருக்கிறேன்.

"லெட்டர் கண்டிப்பா தர்றேன். முதல்ல அந்த பிரிண்ட் அவுட்டை எடுத்துட்டு வாங்க!"